மேஜர் மறந்துபோன ஆள்

ஓய்வுபெறும் நாளில் ராணுவ உளவுத்துறை தன் ஆட்களிடமிருந்து பணிக்கால நினைவுகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். மேஜர் இளம்பரிதியும் அப்படித்தான் இருபத்தாறு வருடங்களைக் கொடுத்துவிட்டுக் குன்னூரில் குடியேறியிருந்தார்.

ஒரு காலையில் சவேரியான் என்ற மீனவர் தன் மகளோடு வந்து கதவைத் தட்டினார்.

"ஐயா, நான் பாம்பன் சவேரியான். என்னையத் தெரியலையா? பன்னெண்டு வருசமா கடல்ல பாத்ததையெல்லாம் உங்ககிட்டதானய்யா சொன்னேன். இப்ப நான் காட்டிக்குடுத்தவனுக என்னையக் கண்டுபிடிச்சுட்டானுக. ஆபத்துன்னா நேரா வீட்டுக்கு வான்னீங்களே!"

அந்த முகத்தை மேஜருக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. வேவு பார்க்க வந்தவனாகவும் இருக்கலாம். அவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, இருப்புக்கொள்ளாமல் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கடைசியில் தலைமையகத்துக்குப் போன் செய்தார்.

"பாம்பன்ல இருந்து ஒருத்தர் வந்திருக்கார். அவர் பேர்..."

"சவேரியான்னு யாரும் நம்மகிட்ட வேலை செஞ்சதே இல்ல சார். வெளிய அனுப்பிடுங்க."

மேஜர் இன்னும் பெயரைச் சொல்லவே இல்லை.

போனை வைத்துவிட்டு வாசலுக்கு விரைந்தார். அந்தப் பெண்ணின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"சீக்கிரம் உள்ள வாங்க சவேரியான். உங்களுக்கு நான் என்னென்ன வாக்குக் குடுத்தேன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க."