நாலு தட்டுக்கு ஒரு டொக்

“நிறுத்துங்க. கீழ ஆரம்பிச்சுட்டாரு.”

ஸ்கிப்பிங் கயிற்றோடு அப்படியே நின்றாள் அவள். பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்த கணவனும் கையை இழுத்துக்கொண்டான். கீழ்வீட்டிலிருந்து வந்த ‘டொக்’கும் நின்றது.

குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கீழே இருக்கும் வீட்டுக்காரரின் முகத்தைக்கூட அவர்கள் பார்த்ததில்லை. ஆனால் இங்கே வாளியைத் தொட்டால் போதும், மனிதர் அங்கே தடியை எடுத்துவிடுவார்.

“நாலு தட்டுக்குச் சரியா ஒரு டொக். கோபத்துலகூட மனுஷனுக்குத் தாளம் தப்பலை பாரேன்,” என்றான் கணவன்.

“உங்களுக்கு எல்லாமே விளையாட்டு. வீட்டைக் காலி பண்ணச் சொன்னா எங்க போறது?”

“அப்போ தட்டாமலே குதி.”

குதித்தாள். முப்பத்தெட்டில் கயிறு காலைச் சுற்றிக்கொண்டது. மறுபடியும் முயன்றாள், நாற்பத்தொன்று. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நாளைக்குத் தீயணைப்புத் துறையின் உடற்தகுதித் தேர்வு. கயிறு தடுக்காமல் நூறு முறை குதிக்க வேண்டும். வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் இன்னொரு வாய்ப்பே கிடையாது. எண்ணிக்கொண்டு குதித்தால் கால்கள் குழம்புகின்றன, தாளம் கேட்டால் மட்டும் தம்பாட்டுக்குப் போகின்றன. இந்தக் கால்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

“தட்டுங்க. திட்டினா திட்டட்டும்,” என்றாள்.

தட்டினான். இருபது, நாற்பது... ‘டொக்’ வந்தது. ஆனால் இன்று சத்தம் கிட்டத்தில் கேட்டது.

“போச்சு. படியேறி வராரு.”

“வரட்டும். கையை மட்டும் நிறுத்தினீங்க, அவ்வளவுதான்.”

அறுபது. டொக். எண்பது. டொக். தொண்ணூறில் மூச்சு முட்டியது. விடவில்லை. நூறு. கணவன் கரண்டியை வீசிவிட்டு அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். வேலையே கிடைத்துவிட்ட மாதிரி இருவருக்கும் தலைகால் புரியவில்லை.

படபடவென்று கதவு தட்டப்பட்டது. திறந்தால், வீட்டுக்கார அம்மா மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றிருந்தார்.

“மன்னிச்சிடுங்கம்மா, நாளையோட இந்தச் சத்தம்...”

“ஐயோ, ஏம்பா நிறுத்தினே? பக்கவாதம் வந்து ஒரு வருஷமா நடக்காத மனுஷன், நீ தட்டுறதைக் கேட்டுத்தான் இந்த மாசம் கோலை ஊனி அடி எடுத்து வச்சாரு. இன்னைக்குப் படியே ஏறிட்டாரு. சீக்கிரம் தட்டுப்பா, எட்டாவது படியில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் காலைத் தூக்கினபடி நிக்கிறாரு!”