வாழைத்தோட்டத்து முடக்கு

பத்மாசினி இன்றைக்கும் தனுஷிகாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நீட்டிய சாப்பாட்டுப் பெட்டியை வாங்கினாள், நேற்றைய வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள், அடுப்படிக்குள் போய்விட்டாள்.

தனுஷிகாவுக்கு அது நியாயமாகவே பட்டது. புருஷனின் கையை முறித்தவளை எந்தப் பெண்தான் ஏறிட்டுப் பார்ப்பாள்?

"நீ இரு பிள்ளை. கட்டு வெட்டியாச்சு, பார்!" என்று கனகசபாபதி வலது கையைத் தூக்கிக் காட்டினார். கோப்பாயில் முப்பது வருஷமாகத் தையற்கடை வைத்திருப்பவர். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், மாவுக்கட்டுக்குள் கிடந்த கை வெளிறிச் சூம்பிப்போயிருந்தது.

மேசையில் கிடந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்து, பெருவிரலை வளையத்துக்குள் நுழைத்தார். விரல் மடங்கவில்லை. இன்னொருமுறை முயன்றார். கத்தரிக்கோல் கை நழுவி நிலத்தில் விழுந்து அதிர்ந்தது.

"டொக்டர் சொன்னவர்தான். பெருவிரல் பழையபடி வாறது சந்தேகமாம்," என்று சிரிக்கப் பார்த்தார். "நீ ஏன் பிள்ளை முகத்தைத் தொங்கப்போடுறாய்? நாய் குறுக்கை வந்தால் நீ என்ன செய்வாய்?"

நாய் குறுக்கே வந்ததென்று எல்லாருக்கும் சொன்னது தனுஷிகாதான். நாய் ஒன்றும் குறுக்கே வரவில்லை.

விபத்து நடந்த அன்று காலை அவள் பட்டணத்து மருந்துக்கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஹெல்மெட்டுக்குள், காதில் அந்தச் சின்ன ஹெட்செட் இருந்தது. சுவிசிலிருந்து அக்கா, வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டதென்று கேட்டாள். "மூண்டு. ஒண்டு முழுக் கறுப்பு," என்று சொல்லிச் சிரித்தபடியே வாழைத்தோட்டத்து முடக்கில் ஸ்கூட்டியைத் திருப்பினாள். பக்கத்துக் குறுகிய ஒழுங்கைக்குள்ளிருந்து வந்த சைக்கிளை அவள் கண்டபோது, கனகசபாபதி ஏற்கெனவே மண்ணில் கிடந்தார்.

காதுக்குள் அக்கா "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தாள். தனுஷிகா முதலில் ஹெட்செட்டைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். அதன் பிறகுதான் அவரைத் தூக்கக் குனிந்தாள். எதை முதலில் செய்தேன் என்ற நினைப்புத்தான் ஆறு கிழமையாக அவளை அரித்தது.

ஆட்கள் கூடுமுன்பே, இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த வீட்டிலிருந்து பத்மாசினி ஓடி வந்துவிட்டாள். வெறுங்கால், கையெல்லாம் புட்டு மா. அவருடைய தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வாயைப் பொத்தி அழுதாளே தவிர, தனுஷிகாவை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பொலிசுக்குப் போகவேண்டும் என்று ஊரவர்கள் சொன்னபோது, கனகசபாபதி ஒரேயடியாக மறுத்துவிட்டார். "வாழ வேண்டிய பிள்ளை. அவளை அலைக்கழிக்க வேண்டாம்," என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் வேலை முடிந்து வரும் வழியில் தனுஷிகா சாப்பாட்டோடு இங்கே வருகிறாள். சோறும் கறியும் கொடுத்துப் பொய்யை மூட முடியாது என்பது அவளுக்கும் தெரியும்.

கனகசபாபதி இடது கையால் கத்தரிக்கோலைப் பொறுக்கி எடுத்தார். வெள்ளைத் துணித்துண்டு ஒன்றை வெட்டிப் பார்த்தார். வெட்டு கோணி, துணி பிய்ந்தது. அவர் அதைச் சுருட்டி மேசைக்குக் கீழே ஒளித்தார்.

அதற்குமேல் தனுஷிகாவால் இருக்க முடியவில்லை. எழுந்து நேராக அடுப்படிக்குப் போனாள். பத்மாசினி முதுகைக் காட்டியபடி கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள்.

"அன்ரி, அண்டைக்கு நாய் ஒண்டும் வரேல்லை."

பத்மாசினியின் கை நின்றது.

"காதிலை இதைப் போட்டுக்கொண்டு அக்காவோடை கதைச்சுக்கொண்டு வந்தனான். றோட்டைப் பாக்கேல்லை. எல்லாருக்கும் பொய் சொல்லிப்போட்டன்." கைப்பையிலிருந்து ஹெட்செட்டை எடுத்து அடுப்புத் திட்டில் வைத்தாள். "அங்கிளின்ரை கை போனது என்னாலைதான் அன்ரி. அவர் என்னிலை அன்பாக் கதைக்கக் கதைக்க எனக்கு நெருப்பிலை நிக்கிற மாதிரி இருக்கு. நீங்கள் முகம் பாக்காமல் போறதுதான் சரி."

குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது.

"நாளைக்குப் பொலிசிலை போய் உண்மையைச் சொல்லப்போறன்."

பத்மாசினி குழாயைப் பூட்டினாள். மெல்லத் திரும்பினாள். ஆறு கிழமையில் முதல்முறையாக அவள் தனுஷிகாவை நேராகப் பார்த்தாள். அழுது அழுது இமைகள் தடித்துப்போன கண்கள். அடி விழப்போகிறது என்று தனுஷிகா கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

"போகேக்கை என்னையும் கூட்டிக்கொண்டு போ," என்றாள் பத்மாசினி.

"ஓம் அன்ரி. நீங்கள் முறைப்பாடு எழுதிக் குடுங்கோ. நான் ஒண்டும் மறுத்துச் சொல்லமாட்டன்."

பத்மாசினி இல்லையென்று தலையாட்டினாள். முன்னறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்டைக்கு அவரின்ரை காதிலையும் இதுமாதிரி ஒண்டு கிடந்தது, பிள்ளை... அதிலை கதைச்சுக்கொண்டிருந்தது நான்."