நீலம் மாறாத தட்டுகள்

அவளுடைய சோதனைத் தட்டுகள் இந்த முறையும் நீலமாகவே இருந்தன.

ஒன்றிலாவது ஆரஞ்சு வளையம் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. இது மூன்றாவது முறை.

அவன் தொட்டியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவுவது அவன் வேலை. இருபத்திரண்டு வருடம் ஆயிற்று.

ரெஜினா அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆராய்ச்சி மாணவி அவள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தட்டைப்பயறு வயலில் செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சைக் கீறி, இந்தத் தட்டுகளில் வளர்க்கும் பாக்டீரியாவை எடுத்து வந்தாள். அது சுண்ணாம்பு மண். இரும்பு இருந்தும் எந்தச் செடிக்கும் எட்டாது. சுற்றுவட்டாரத்தில் பயிரெல்லாம் வெளிறிக் கிடக்க, அந்த வயல் மட்டும் பச்சையாக நின்றதாம்.

அந்தப் பாக்டீரியா ஏதோ ஒரு பொருளைச் சுரந்து இரும்பை இழுத்துக்கொள்கிறது என்றாள். சிடரோஃபோர் என்று பெயர் சொன்னாள். சுரந்தால் நீலத் தட்டில் வளையம் விழும். இரும்பு தாராளமாகக் கிடைத்தால் சுரக்காது. அதனால்தான் கண்ணாடியில் இரும்பு துளிகூட ஒட்டியிருக்கக் கூடாது.

எல்லாம் அவனுக்குத் தெரியும். அவள்தான் டீ குடிக்கும்போது சொன்னாள்.

ஒப்பிட்டுப் பார்க்க வைத்த இன்னொரு பாக்டீரியா வளையம் போட்டிருந்தது. அது முரட்டு ஜாதி, கொஞ்சம் இரும்பு இருந்தாலும் விடாமல் சுரக்கும். அதைப் பார்த்து, சோதனையில் கோளாறில்லை என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

தண்ணீர் காய்ச்சி வடிக்கும் மெஷின் எரிந்துபோய் ஒரு மாதமாகிறது. பாக்டீரியா வளர்க்கும் ஊடகம் கலக்கப் பக்கத்துத் துறையிலிருந்து கேனில் சுமந்து வந்தான். கழுவுவதற்கும் சுமக்க முதுகு இடம் கொடுக்கவில்லை. ஆசிட்டில் ஊறவைத்தான், அதில் குறை வைக்கவில்லை. கடைசி அலசலை மட்டும் குழாய்த் தண்ணீரில் முடித்துக்கொண்டான்.

போர்வெல் தண்ணீர். தொட்டி முழுக்கத் துருக்கறை.

"கைடு சார் இத விட்டுட்டு வேற தலைப்பு எடுக்கச் சொல்லிட்டாரு. எல்லாத்தையும் ஆட்டோகிளேவ்ல போட்ருங்கண்ணே."

வயலிலிருந்து எடுத்த பாக்டீரியாவைக் குளிர்பெட்டியில் சேமித்திருந்த மூலக் குழாய்களையும் கொண்டுவந்து வைத்தாள். மொத்தம் ஒன்பது. அந்த வயல் இப்போது வீட்டுமனை. இனி அங்கே பிடுங்கச் செடி கிடையாது.

அவன் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"எல்லாத்தையும் சந்தேகப்பட்டுப் பாத்துட்டேண்ணே. மருந்த மாத்துனேன். தராச மாத்துனேன். கிளாஸ மட்டும் பாக்கல. நீங்க கழுவுனதாச்சே."

சொல்ல வந்ததை மென்று விழுங்கினான். அவமானமாக இருந்தது.

குழாய்களைக் கூடையில் அடுக்கி ஆட்டோகிளேவுக்குள் இறக்கினான். நீராவி அழுத்தம் ஏறிவிட்டால் அதற்குள் எந்த உயிரும் மிஞ்சாது. மூடியின் திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினான். சுவிட்சைப் போட்டான்.

அழுத்தம் காட்டும் முள் அசையவில்லை. இன்னும் திறக்கலாம்.

அவள் மேசையைத் துடைத்தாள். தட்டில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகளைக் கிழித்தாள். மேலங்கியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தாள்.

நீராவி சீறத் தொடங்கியது. வால்வை மூடினான். முள் ஏறியது. ஐந்து. பத்து.

"வரேண்ணே."

"கடைசியாக் குழாத்தண்ணியிலதாம்மா அலசுனேன். மூணு தடவையும்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. முள்ளைப் பார்த்தாள்.

பையைப் போட்டுவிட்டு ஓடினாள். மூடியின் திருகில் கை வைத்தாள். இந்த அழுத்தத்தில் திறந்தால் முகம் வெந்துபோகும். அவன் அவளுடைய இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்கண்ணே," என்றாள். "விடுங்க."

அவன் விடவில்லை.