ராயப்பன் எடுத்த சீட்டாட்டப் படம்

எல்லோரும் விறைப்பாக நின்று படம் எடுத்துக்கொண்ட காலத்தில், சீட்டாடுகிறபடியே எங்கள் நால்வரையும் எடுப்பதாகச் சொன்னார் போட்டோக்காரர் ராயப்பன். கூட்டாளி காத்தமுத்து அன்று சாயங்காலம் ரங்கூனுக்குக் கப்பல் ஏறவேண்டும். அவன் முகமாவது வீட்டில் இருக்கட்டும் என்று ராயப்பனைக் கூட்டிவந்தவள் அவன் பெண்சாதி செங்கமலம்.

"நான் சொல்ற வரைக்கும் யாரும் அசையக்கூடாது. அசைஞ்சா மூஞ்சி கலைஞ்சிரும்" என்று ராயப்பன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். விட்டவர் வெளியே எடுக்கவில்லை. எறும்பொன்று அவர் விரலில் ஏறிச் சட்டைக் கைக்குள் போயிற்று, அவர் கண்டுகொள்ளவில்லை. செங்கமலம் துணியைத் தூக்கி, அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு பழையபடி மூடினாள்.

"முடிஞ்சிச்சா புள்ள?" என்றான் காத்தமுத்து, உதடு அசையாமல்.

"இல்லங்க. வெளிச்சம் பத்தலையாம்."

ராயப்பனுக்கு மூச்சு நின்றுவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்தால் என் மூஞ்சியும் கலைந்துவிடுமே.

அந்தக் கப்பல் ஊதிவிட்டுப் போனது. அடுத்த வாரத்துக் கப்பல் ஊதியபோது, சீட்டும் கையுமாக அசையாமல் இருந்த காத்தமுத்துவின் கண்ணில் நீர் கட்டியது. செங்கமலம் அதை முந்தானையால் ஒற்றியெடுத்துவிட்டு, "தலையத் திருப்பாதீங்க" என்றாள்.