சிரிக்க வைக்காத மாமா

"ஊரார் பிள்ளைக்கெல்லாம் விதவிதமா மூஞ்சி காட்டறே. உன் தங்கச்சி பிள்ளையைப் பார்த்தா மட்டும் மூஞ்சிய மூடிக்கிறியே, ஏண்ணே?"

லோரிண்டாவின் குரல் பாறைச் சுவர்களில் மோதி இரண்டு தடவை கேட்டது. அவள் அண்ணன் டெல்பர்ட் காதில் விழாததுபோல நடந்தான். மணலுக்காக மூக்குவரை கட்டிய கைக்குட்டை, புருவம்வரை இறக்கிய தொப்பி. நடுவில் தெரிந்த கண்களும் அவள் பக்கம் திரும்பவில்லை.

அந்தப் பாறையிடுக்குக்குள் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போவது அவன் வேலை. உள்ளே சில இடங்களில் ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும். மிரண்டு அழும் குழந்தையோடு யார் வந்தாலும் மற்ற வழிகாட்டிகள் டெல்பர்ட் தலையில் கட்டிவிடுவார்கள். அவன் கன்னத்தை உப்பவைத்து, கண்ணை உருட்டி, மூக்கால் ஆட்டுக்குட்டிபோலக் கத்தினால் சிரிக்காத பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. இன்றைக்கும் முன்னால் போன குடும்பத்தின் இரட்டைக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. ஆனால் தங்கை பக்கம் திரும்பும்போது மட்டும் கைக்குட்டை மூக்குக்கு ஏறிவிடும்.

லோரிண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வயது ஷைலீனைக் கையில் பிடித்து, மூன்று மாதப் பையனை நெஞ்சோடு துணியில் கட்டிக்கொண்டு, பாறை பார்க்கவா வந்தாள்? பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்! இன்னும் சிரிக்காத மகனை அண்ணன் சிரிக்க வைக்கவேண்டும் என்று வந்தாள்.

அமெரிக்கப் பழங்குடியான நவஹோ மக்களின் வீடுகளில் குழந்தையின் முதல் சிரிப்பு லேசுப்பட்ட விஷயமில்லை. யார் சிரிக்க வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும். அவர்களே ஆடு வெட்டி உறவுக்கெல்லாம் விருந்து போடவேண்டும், பிள்ளையின் கையால் ஆளுக்கு ஒரு கல் உப்பு கொடுக்க வைக்கவேண்டும்.

"இவனுக்கு உன் குணம் வரட்டும்னு நினைச்சேன் பாரு, என்னைச் சொல்லணும். திங்கக்கிழமை நான் துணி துவைக்கப் போனப்ப ரெண்டு மணி நேரம் வெச்சுக்கிட்டு இருந்தே. அதுக்கப்புறம் வீட்டுப் பக்கமே தலை காட்டலை."

"வேலை."

"போன வாரம் இல்லாத வேலையா? ஒரு ஆட்டுக்குப் பயந்துக்கிட்டு ஒளியறே. பட்டியில மூணு நிக்குதுல்ல? ஒண்ணு போனா குடி முழுகிடுமா?"

"இப்ப ஒண்ணுதான் நிக்குது."

"மத்த ரெண்டும்?"

"செவ்வாய்க்கிழமை வண்டியில ஏத்தி அனுப்பிட்டேன்."

லோரிண்டா நின்றுவிட்டாள். "வித்துட்டியா? விருந்துக்குக் கேப்பாங்கன்னு ஆட்டையே வித்துட்டியா? தாய்மாமனாம், தாய்மாமன்!"

"குனிஞ்சு வா. பாறை இடிக்கும்" என்றான் அவன்.

சின்ன வயதிலிருந்து தன் ரொட்டியில் பாதியை அவளுக்குப் பிய்த்துத் தந்தவன். இவனா இப்படி? அவளுக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது.

"மாப்பிள்ளை நாளைக்குத்தானே வர்றார்?" என்று பேச்சை மாற்றினான் டெல்பர்ட்.

"ஹார்லனா? ஆமா, வர்றாரு. ரயில் பாதை வேலையில ரெண்டே நாள்தான் லீவு. பிள்ளை பிறந்தப்ப பார்த்ததோட சரி. தினமும் போன்ல 'சிரிச்சானா, சிரிச்சானா'ன்னு கேள்வி மட்டும் குறைச்சல் இல்லை. மூஞ்சியில ஈ உட்கார்ந்தாலும் அசையாத மனுஷன்! அவரை நம்பினா இவன் பள்ளிக்கூடம் போறவரைக்கும் சிரிக்கமாட்டான்."

டெல்பர்ட் தொப்பியை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொண்டு நடந்தான்.

வழி இன்னும் ஒடுங்கியது. ஷைலீன் நடக்கமாட்டேன் என்று மணலில் உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் டெல்பர்ட் திரும்பி வந்து அவளைத் தூக்கிக்கொண்டான். அதற்காகவே காத்திருந்தவள்போல அவள், "மாமா, எனக்கும் மூஞ்சி காட்டு!" என்று கைக்குட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

டெல்பர்ட்டின் முகமும் கைக்குழந்தையின் முகமும் ஒரு சாண் தூரத்தில் நேருக்கு நேர்.

அவன் கன்னத்தை உப்பவைக்கவில்லை, கண்ணை உருட்டவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவன்போல விழித்தான். குழந்தை அவனை ஒரு கணம் பார்த்தது. கால்களை உதைத்தது. பிறகு கெக்கெக்கென்று பாறையிடுக்கே நிறையும்படி சிரித்தது.

"சிரிச்சுட்டான்! அண்ணே, சிரிச்சுட்டான்!" லோரிண்டாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "மாட்டினியா? மூஞ்சிய மூடி மூடி வெச்சியே, இப்ப என்ன பண்ணுவே? ஆட்டை வாங்கினவன்கிட்டயே போய்த் திரும்பக் கேளு, போ!"

டெல்பர்ட் ஷைலீனை இறக்கிவிட்டான். கைக்குட்டையை மறுபடி மூக்குக்கு ஏற்றிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"மெதுவா. முதல் சிரிப்பு திங்கக்கிழமையே என் மூஞ்சியைப் பார்த்து முடிஞ்சு போச்சு, நீ துணி துவைக்கப் போயிருந்தப்ப. அந்த ரெண்டு ஆடும் உன் மாமியார் பட்டியில நிக்குது, மாப்பிள்ளை பேருல, அவர் போடற விருந்துக்கு. இப்பக் கத்தினியே, நாளைக்கு அவர் பிள்ளையைத் தூக்கினதும் இதே மாதிரி இன்னொரு தடவை கத்திடு."