இடது கையைத் தூக்குங்க மாமா

“மாமா, இன்னைக்கும் ஓடுறதா இருந்தா செருப்பக் கையில எடுத்துக்கிட்டு ஓடுங்க. போன வாரம் ஒத்தச் செருப்ப விட்டுட்டுப் போயிட்டீகளாம். சித்தி எடுத்து வச்சிருக்காக.”

சொன்னவள் அபிதா, மூன்றாம் வகுப்பு. கேட்டுக்கொண்டிருந்தவர் நாற்பதைத் தாண்டிய மீசைக்காரர். ஒரு நெல் மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறக்கூடிய உடம்பு. தாடையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். துண்டுக்கு வெளியே புடைத்திருந்த கன்னத்தைப் பார்த்தால், மேற்குத் தொடர்ச்சி மலை அல்லிநகரம் வரைக்கும் வந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும்.

அல்லிநகரத்துப் பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பது அபிதாவின் சித்தி பவானி. காலாண்டு விடுமுறைக்குக் காமயகவுண்டன்பட்டியிலிருந்து வந்திருந்த அபிதா, பொழுது போகாமல் சித்தியோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“முத்துக்கருப்பன் சார், அடுத்து நீங்கதான்” என்றாள் பவானி.

மீசைக்காரர் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், ஒங்களத்தான். இன்னைக்கு அந்தப் பல்ல எடுக்கலன்னா சீழ் தாடை எலும்புக்கு எறங்கிரும்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. அப்புறம் மதுரைக்குப் போயிப் படுக்கணும்.”

“அடுத்த ஆளு போகட்டும். எனக்கு அவசரம் இல்ல” என்று முனகினார். ஹாலில் அடுத்த ஆளே இல்லை.

“பயமா இருக்கா மாமா?” என்றாள் அபிதா.

“எனக்கா? உள்ள ஏசி ஜாஸ்தியா இருக்கும். அதான் யோசிக்கிறேன்.”

ஏசி இல்லாத ஹாலிலேயே அவருடைய முழங்கால்கள் ஆடிய ஆட்டத்தில், பெஞ்சின் மறுமுனையில் இருந்த அபிதா துள்ளித் துள்ளிப் பாதிப் பெஞ்சுக்கு வந்துவிட்டாள்.

“எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஊரே கூடிப் பிடிச்சாக, நான் வாயத் திறக்கல. அப்புறம் கம்பத்துல சசிதரன் டாக்டர்ட்ட கூட்டிப் போனாக. அவுகளுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது மாமா.”

மீசைக்காரருக்குப் புரையேறியது.

“அவுகட்ட ஒரு பொம்ம மொதல இருக்கு. மொதல்ல அதுக்குப் பல்லுப் பார்ப்பாக. எந்தச் சாமானா இருந்தாலும் நம்ம கையில குடுத்துக் காட்டிட்டுத்தான் வாயில வப்பாக. சேர் மேல போனா வீரபாண்டித் திருவிழா ராட்டினம்னு நெனச்சுக்கணும். எச்சி உறிஞ்சுற குழாய் இருக்குல்ல, அது யானைக்குட்டி. அதுக்குத் தாகம்.”

“ஊசி?” அவர் குரல் பொம்மைக் குரல் மாதிரி வந்தது.

“கட்டெறும்புக் கடி. வலிக்காதுன்னு பொய் சொல்ல மாட்டாக. ‘கொஞ்சம் வலிக்கும், முடியலன்னா இடது கையத் தூக்கு, நிறுத்திப்புடுறேன்’னு சொல்லுவாக.”

“நெசமாவே நிறுத்துனாகளா? அதுலதான் ஒனக்கு நம்பிக்கை வந்துச்சா?”

“சும்மா தூக்கிப் பார்த்தேன், நிறுத்துனாக. திரும்பத் தூக்குனேன், திரும்ப நிறுத்துனாக. அப்புறம் எனக்கே பாவமாப் போச்சு. ஆனா அதுக்கு முந்தியே அவுக விரலக் கடிச்சுப்புட்டேன். மெதுவாத்தான்.”

“மெதுவாவா?” துண்டுக் கட்டையும் மீறிக் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனது.

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இல்ல ஆத்தா. கடின்னாலே வலிக்கும்ல, பொதுவாச் சொன்னேன்.” இடது கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டார்.

அப்போது உள்ளே ஏதோ மெஷின் கிர்ரென்றது. அவர் எழுந்தார், வாசல் பக்கமாக. அபிதா அவரை முந்திக்கொண்டு ஓடி, வெளியே கிடந்த அவருடைய செருப்புகளின் மேல் ஏறி நின்றாள்.

“நான் கூட வாறேன் மாமா. அங்கன கால்மாட்டுல நிப்பேன். நீங்க இடது கையத் தூக்குனா நான் நிறுத்தச் சொல்றேன்.”

“வலது கையத் தூக்குனா ஆகாதா?”

“வலது பக்கந்தான் டாக்டரம்மா உக்காருவாக. மூக்குல இடிச்சுப்புடுவீக.”

வேறு வழியில்லை. உள்ளே போனார். நாற்காலி உயர்ந்தது. “ராட்டினம்” என்றாள் அபிதா. பாக்கெட்டிலிருந்த இடது கை முதல் முறையாக வெளியே வந்து உயர்ந்தது.

“நிறுத்துங்க டாக்டரம்மா.”

“நான் இன்னும் கையே கழுவல பாப்பா” என்றார் டாக்டரம்மா.

கட்டெறும்பு கடித்தது. கை உயர்ந்தது, எல்லாம் நின்றது. கை இறங்கியது. யானைக்குட்டி தண்ணீர் குடித்தது. மறுபடி உயர்ந்தது, மறுபடி நின்றது. அப்புறம் அந்தக் கை உயரவே இல்லை. கடைசியில் தட்டில் பல் விழுந்த சத்தம் கம்பம் வரைக்கும் கேட்டிருக்கும்.

வெளியே வந்தபோது தேர்தலில் ஜெயித்தவர்போல் இருந்தார். கடித்திருந்த பஞ்சோடு பேசினார்.

“ஒன் கம்பத்து டாக்டர் வித்தையெல்லாம் நெசமாவே வேலை செய்யுது ஆத்தா. ஆனா, இப்படி ஒரு ஆளு இங்கன நடுங்கிக்கிட்டு இருந்தான்னு யார்ட்டயும் சொல்லிப்புடாத.”

அபிதா அவருடைய இடது கையைப் பிடித்து ஆள்காட்டி விரலைத் திருப்பினாள். அதில் பிறை மாதிரிச் சின்னதாக ஒரு பல் தழும்பு. அதை மெல்லத் தடவிக் கொடுத்தாள்.

“சொல்ல மாட்டேன். பேர மாத்திக் குடுத்தாலும், நீங்க உள்ள நுழையுறப்பவே எனக்குத் தெரியும். பல்லுப் பார்க்குறப்ப நீங்க போடுற மாஸ்க் வாயத்தான மறைக்கும், கண்ண மறைக்காதுல்ல. திங்கக்கெழம கம்பத்துக்கு வாறப்ப கடிக்கவும் மாட்டேன், டாக்டர்.”