அஃப்ராஹ் வகுப்பில் இருக்கிறாள்

"மைக் இன்னும் சரியாகல டீச்சர். கேமராவும் வேலை செய்யல."

திரையில் அஃப்ராஹ் என்ற பெயருக்குக் கீழே இந்த வரி வந்து விழுந்ததும் ஹனாதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொடர்ந்து மூன்றாவது வகுப்பாக இதே சாக்கு.

அம்மான் நகரத்தில் ஒரு மூன்றாம் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, அரபு பேசும் இருபது பேருக்கு இணையம் வழியாகச் செய்திப் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறாள் ஹனாதி. இலவசப் பயிற்சி. இலவசம் என்றாலே எல்லாருக்கும் இளக்காரம்தான். ஒருத்தன் வண்டி ஓட்டிக்கொண்டே பாடம் கேட்கிறான், ஒருத்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்கிறாள்.

யேமனில் தயிஸ் நகரத்திலிருந்து சேர்ந்த அஃப்ராஹ் அப்படியில்லை. முதல் நாலு பாடங்களுக்கு அவள் அனுப்பிய படங்களைப் பார்த்து ஹனாதியே மிரண்டுபோயிருந்தாள். தண்ணீருக்காக நிற்கும் மஞ்சள் கேன்களின் வரிசை, அதில் ஒரு கிழவி காலி கேன் மேலேயே உட்கார்ந்து தூங்குகிறாள். பத்தொன்பது வயதுப் பெண் எடுத்த படம் என்றால் யார் நம்புவார்கள்? அடுத்த தடவை வரிசையின் முன்முனைக்கே போய் நின்று எடு என்று எழுதி உற்சாகப்படுத்தியிருந்தாள்.

ஐந்தாம் பாடத்திலிருந்து எல்லாம் நாசம். படங்கள் கோணல்மாணல், பாதிப் படத்தில் விரல்.

இந்த வாரம் கொடுத்த வேலை, ஒரே இடத்துக்கு ஐந்து நாள் போய்ப் படமெடுப்பது. மற்றவர்கள் ரொட்டிக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். அஃப்ராஹ் பெயரில் வந்த ஐந்தும் ஒரே மாதிரி இருந்தன. சுற்றிலும் கல் பதித்த ஒடுக்கமான நீள மண் பாத்தி, அதில் நட்ட ரைஹான் என்ற வாசனைச் செடி, தண்ணீர் ஊற்றும் ஒரு கை. வேறொன்றும் இல்லை.

"இது தோட்டக்கலை வகுப்பு இல்ல," என்றாள் ஹனாதி, எல்லார் காதிலும் விழும்படி. "இந்தப் படத்துல மனுஷங்க எங்க?"

"செடி வளர்ந்ததும் சூப்புல போட்டுக் குடிப்பா போல," என்றான் வண்டி ஓட்டுகிறவன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"மன்னிச்சிடுங்க டீச்சர். எனக்கு வேற எங்கயும் போகத் தோணல," என்று எழுத்து வந்தது.

ஹனாதி அந்தப் படத்தில் இருந்த கையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முடி அடர்ந்த, நகக்கண்ணெல்லாம் கிரீஸ் ஏறிய ஆம்பளைக் கை. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஹனாதியின் முதல் கேமராவையும் அவள் அண்ணன்காரன் சுவரில் அடித்துத்தானே உடைத்தான்? நன்றாக வருகிற பெண்ணின் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு வீட்டில் பூட்டிவைப்பது ஊர் உலகத்தில் நடக்காததா?

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனதும் அஃப்ராஹை மட்டும் நிறுத்தினாள்.

"இப்போ மைக்கைத் திறக்கணும். இல்லேன்னா பேரை எடுத்துருவேன். சான்றிதழ் கிடைக்காது."

கரகரவென்று ஒரு ஆண் குரல் வந்தது. "அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். நான் அஃப்ராஹோட அப்பன். பேரு முஸ்இத். தண்ணி லாரி ஓட்டுறேன்."

"அஞ்சாவது பாடத்துலேர்ந்து படம் அனுப்புறது நீங்கதானா?"

"ஆமாம்மா. அவ அளவுக்கு வரல, எனக்கே தெரியுது. அவ எழுதி வச்ச நோட்டைப் படிச்சுப் படிச்சுத்தான் எடுக்கறேன்."

"மத்தியானமானா போதைக்குக் காத் இலையை மென்னுக்கிட்டு உக்கார வேண்டியதுதானே. பொண்ணு முன்னுக்கு வர்றது பொறுக்கல, ஃபோனைப் பிடுங்கிட்டீங்க."

"இல்லம்மா, அந்த ஃபோனை வாங்கிக் குடுத்ததே நான்தான். பொட்டப்புள்ள படம் எடுக்கறேன்னு தெருவுல நிக்குதேன்னு அவ மாமனுங்க சண்டைக்கு வந்தானுங்க. உங்க ஜோலியைப் பாத்துக்கிட்டுப் போங்கடான்னு சொன்னவன் நான்."

"அப்புறம் எதுக்கு அவ இடத்துல நீங்க? சான்றிதழ்ல உங்க பேரு வராது, தெரியுமில்ல?"

"என் பேரு எதுக்கும்மா? அவ பேர்லயே வரட்டும். இன்னும் ஒரே ஒரு பாடம்தான் இருக்கு. அவ ஆசைப்பட்டு எடுத்த காரியம், பாதியில நிக்கக் கூடாது."

எவ்வளவு நைச்சியமாகப் பேசுகிறார் என்று ஹனாதிக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. "அவ எடுத்த காரியத்தை அவளே வந்து முடிக்கட்டும். ஆள் மாறாட்டம் பண்ணா நீக்கணும்கறது விதி. இதோ எடுத்துட்டேன்."

பட்டியலில் அந்தப் பெயரை அழித்தாள். அந்தப் பெண்ணுக்காகத்தான் இதைச் செய்கிறோம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"அவளைக் கூப்பிடுங்க. அவ வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், இப்பவே திரும்பச் சேர்த்துக்கறேன்."

அந்த மனிதர், நிஜமாகவே விவரம் தெரியாமல் கேட்கிறவராகக் கேட்டார்.

"இறந்துபோனவங்களுக்குப் பதிலா நாம ஹஜ்ஜே செஞ்சு முடிக்கிறோமே டீச்சர், இது மட்டும் செல்லாதா?"